பகுதி நேரப் பணியில் சிக்கியவர்கள் தங்கள் ஆவணக் கோப்பைத் தயார் செய்வது எப்படி

முழுநேர வேலை கேட்டும் கிடைக்காமல் பகுதி நேரம் என்ற பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் உழைக்கிறவர்கள் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். துப்புரவுப் பணியாளர், காவலர், தோட்டக்காரர், ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி ஆசிரியர் என்று பட்டியல் நீளும். நிரந்தரம் கேட்டு மனு எழுதும் முன் எங்கே சிக்கியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் சம்பளம் எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது என்று பாருங்கள். துப்புரவு, காவல் பணிகளுக்குப் பெரும்பாலும் சில்லறைச் செலவினத்திலிருந்து, அதாவது அலுவலகத்தின் சிறு செலவுகளுக்கான பணத்திலிருந்து, கொடுப்பார்கள். அங்கே அரசு ஒப்புதல் தந்து உருவாக்கிய இடம், அதாவது அனுமதிக்கப்பட்ட பணியிடமே இருக்காது. ஆசிரியர்களின் நிலை வேறு. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணையிலேயே, 6 முதல் 8 வரையான வகுப்புகளில் நூறு மாணவருக்கு மேல் இருந்தால் கலை, உடற்கல்வி, பணிக்கல்விக்குப் ‘பகுதி நேரப் பயிற்றுநர்’ என்றுதான் எழுதியிருக்கிறது. 2011-இல் அறிவித்து 2012-இல் நிரப்பிய 16,549 இடங்களும் அந்த அடிப்படையில், வாரம் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய் என்று தொடங்கியவை. ஊதியம் பிறகு உயர்ந்தது, ‘பகுதி நேரம்’ என்ற சொல் மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்தச் சொல்தான் கதவை அடைக்கிறது. 28.02.2006 தேதியிட்ட பணியாளர் துறை அரசாணை 22, 01.01.2006 அன்று பத்தாண்டு முடித்த தினக்கூலிகளைப் பணிவரன்முறை செய்ய, அதாவது நிரந்தரமாக்கச் சொன்னது. 2013-இல் வந்த அரசாணை 74, அது முழுநேரப் பணியாளருக்கே பொருந்தும், பகுதி நேரத்தாருக்கு இல்லை என்று தெளிவுபடுத்தியது. பள்ளித் துப்புரவாளர்கள் தொடர்பான கோவிந்தசாமி வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதே நீதிமன்றத்தின் 2006 உமாதேவி தீர்ப்பு, அனுமதிக்கப்பட்ட இடத்தில் பத்தாண்டு வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் ஒருமுறை வாய்ப்பு அளித்தது.

இப்போதைய பிடிமானம் 20.12.2024 அன்று வந்த ஜக்கோ தீர்ப்பு. மத்திய நீர் ஆணையத்தில் நீண்டகாலம் துப்புரவும் தோட்ட வேலையும் பார்த்தவர்களைப் பகுதி நேரத்தார் என்று சொல்லி வெளியேற்றியிருந்தார்கள். அவர்கள் செய்தது இடைவிடாத, அலுவலகத்துக்கு இன்றியமையாத வேலை என்று கண்ட உச்ச நீதிமன்றம், உடனே பணியில் சேர்த்து நிரந்தரமாக்கச் சொன்னது. வேலை பார்க்காத காலத்துக்குச் சம்பளம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் காலமும் பணித்தொடர்ச்சியாக, ஓய்வுப் பலனுக்குக் கணக்கில் வரும். ஆகவே நீங்கள் நிரூபிக்க வேண்டியவை இரண்டு: வேலை நிரந்தரத் தன்மை கொண்டது, நீங்கள் உண்மையில் பார்த்தது ஆணையில் உள்ள நேரத்தைவிட அதிகம்.

இரண்டாவதில்தான் பலர் தோற்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும், வந்த நேரமும் போன நேரமும் இருக்காது. நேரத்தைக் காட்டும் வேறு பதிவுகளைத் தேடுங்கள். ஆசிரியர் என்றால் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கால அட்டவணை, விடுப்பில் போனவருக்குப் பதிலாக வகுப்பெடுத்த பதிவேடு, தேர்வுப் பணி ஆணை. காவலர், துப்புரவாளர் என்றால் சாவி ஒப்படைப்புக் குறிப்பு, பணி ஒதுக்கீட்டுச் சுற்றறிக்கை. கைப்பேசிப் படங்கள் துணைக்கு உதவும். அலுவலகத் தாளுக்கு இருக்கும் மதிப்பு அவற்றுக்கு இல்லை.

கையில் இல்லாததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். ‘எனக்கு ஏன் நிரந்தரம் தரவில்லை?’ என்று கேட்டால் பதில் வராது; சட்டம் ஆவணத்தைத்தான் தரும். இப்படிக் கேளுங்கள்: ‘01.06.2015 முதல் 31.05.2025 வரை இப்பள்ளியின் வருகைப் பதிவேட்டு நகல். எனது ஊதியப் பட்டியல் நகல். இங்கே அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, காலியிடங்கள் எத்தனை என்ற ஆவணம். என் நியமன ஆணையும் ஒவ்வொரு ஆண்டு நீட்டிப்பு ஆணையும்.’ நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதிவேடு தடிமனாக இருந்தால் நேரில் பார்வையிடக் கேளுங்கள், முதல் ஒரு மணி நேரம் இலவசம். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு; அதுவும் பயன்படவில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

தாள்கள் வந்ததும் நியமன அதிகாரிக்கு மனு கொடுத்து, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் அரசியல் சட்டப் பிரிவு 226-இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசு அதிகாரிக்கு உத்தரவிடக் கேட்கும் மனு. தென் மாவட்டத்தார் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். ‘மனுவைப் பரிசீலியுங்கள்’ என்ற உத்தரவு மட்டும் வாங்கினால் அதிகாரி ஒரே வரியில் நிராகரித்துவிடலாம். ஆகவே நிரந்தரம் கேட்கும் கோரிக்கையையும் ஜக்கோ தீர்ப்பின் நகலையும் முதல் ரிட் மனுவிலேயே சேர்த்துவிடுங்கள். பல ஆண்டு தாமதித்து வந்தால் தாமதமே எதிராக நிற்கும். ஆண்டு நீட்டிப்பின்போது ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்று எழுதிய தாளை நீட்டினால், நகல் வாங்காமலும் ‘உரிமை நிலுவையில் உள்ளது’ என்று எழுதாமலும் கையெழுத்திடாதீர்கள்.

வழக்கறிஞர் கட்டணம் சுமையாக இருந்தால், பெண்களும் பட்டியலின, பழங்குடியினரும் வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி பெறலாம். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் நேரிலும் விண்ணப்பிக்கலாம். போகும்போது ஆண்டுவாரியாக அடுக்கிய நகல்களோடு, ஒரு பக்கத்தில் தேதிப் பட்டியலும் எழுதி எடுத்துப் போங்கள்.