காருக்கு ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்குவது எப்படி? எஞ்சினைப் பார்த்து வாங்குங்கள், அட்டைப்பெட்டியைப் பார்த்து அல்ல

போன மார்கழியில் ஒரு நாள், விடியற்காலை ஐந்து மணி. அம்மாவை புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு வாசலில் நின்ற வண்டியில் அம்மாவை உட்கார வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். 'டக் டக் டக்' என்று சத்தம் வந்தது, மீட்டர் விளக்கு மங்கியது, செல்ஃப் எடுக்கவில்லை. டிக்கியில் ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர் இருந்தது. பேட்டரி இறங்கிய வண்டிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கிளப்புகிற சின்னக் கருவி அது. அட்டைப்பெட்டியில் 2000 ஆம்பியர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பி வாங்கியது. மாட்டிப் பார்த்தேன். எஞ்சின் அரைச் சுற்று சுற்றியது, கருவி அணைந்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் லுங்கியோடு எழுந்து வந்து, அவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஜம்ப் கேபிள் போட்டுக் கிளப்பிக் கொடுத்தார்.

அந்தக் காலை ஏன் அப்படி ஆனது என்று பிறகு உட்கார்ந்து படித்தேன், மெக்கானிக்குகளிடம் கேட்டேன், வேறொன்று வாங்கினேன். முதல்முறை வாங்குகிறவர்களுக்காக அதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: கோளாறு பேட்டரியில்தானா?

சாவியைத் திருப்பும்போது 'டக் டக்' என்று தொடர்ந்து சத்தம் வந்து, ஹெட்லைட்டும் மங்கினால், பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில். ஜம்ப் ஸ்டார்ட்டர் உதவாது.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது.

கடற்கரைக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தேவனாம்பட்டினம், முதுநகர், வீராம்பட்டினம் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு உப்புக் காற்று பெரிய தொந்தரவு. பானெட்டைத் திறந்து, பேட்டரியில் கேபிள் மாட்டும் ப்ளஸ், மைனஸ் முனைகளை, அதாவது டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், பேட்டரி நன்றாக இருந்தும் மின்சாரம் சரியாகப் போகாது. கேபிளைக் கழற்றும்போது மைனஸை முதலில் கழற்ற வேண்டும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, துடைத்துக் காயவிட்டு, ப்ளஸை முதலில் மாட்டி இறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பல பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடும், பணமும் மிச்சம்.

இரண்டாம் படி: ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள்

அதில் எஞ்சின் எத்தனை சி.சி., எந்த எரிபொருள் என்று இருக்கும். இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெட்ரோலா டீசலா என்பது சி.சி.யைவிட முக்கியம். டீசல் எஞ்சினில் காற்றை மிக அதிகமாக அழுத்தித்தான் எரிய வைக்கிறார்கள். அந்த அழுத்தத்தை எதிர்த்துச் சுற்றுவதற்கு ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அதிக மின்னோட்டம் வேண்டும். அதற்கு முன்பே, எஞ்சினுக்குள் சூடேற்றும் க்ளோ பிளக்குகள் வேறு கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

கியரையும் கவனியுங்கள். பழைய மேனுவல் வண்டி என்றால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லி, செகண்ட் கியரில் கிளட்சை விட்டு எடுத்துவிடலாம். ஆட்டோமேட்டிக்கில் அந்த வழி கிடையாது. அந்த வண்டிக்காரர்களுக்கு ஜம்ப் ஸ்டார்ட்டர் கட்டாயம் என்றே சொல்வேன்.

மூன்றாம் படி: ஆம்பியர் கணக்கு

ஏமாறுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது 'பீக்' ஆம்பியர். கண்ணிமைக்கிற நேரத்துக்கு மட்டும் வரக்கூடிய உச்சம். அதையும் எப்படி அளக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. எஞ்சினைச் சுற்றுவதற்குச் சில விநாடிகள் விடாமல் மின்னோட்டம் வேண்டும். அதைத்தான் 'ஸ்டார்ட்டிங்' அல்லது 'க்ராங்கிங்' ஆம்பியர் என்று போடுவார்கள். நல்ல கம்பெனிகள் இரண்டையும் தனித்தனியாக அச்சிடும். ஒரே ஒரு எண்தான் இருக்கிறது, அது ஆயிரத்துக்கு மேல், பெட்டியோ உள்ளங்கை அளவு என்றால் தள்ளி வையுங்கள்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு. 12 வோல்ட்டில் 1000 ஆம்பியர் என்றால் 12 கிலோவாட். ஒன்றரை டன் ஏசி ஒன்று ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட் எடுக்கும். அப்படியானால் எட்டு ஏசியை ஒரே நேரத்தில் ஓட்டும் சக்தி, சட்டைப் பையில் போடுகிற அளவுக்குச் சின்னப் பெட்டியிலிருந்து, விரல் தடிமன்கூட இல்லாத வயர் வழியாக வர வேண்டும். அதைச் சில விநாடிகள் தாக்குப்பிடிக்க அந்த வயரால் முடியாது, உள்ளே இருக்கும் செல்லாலும் முடியாது.

என் பரிந்துரை இப்படி. 800 சி.சி.யிலிருந்து 1200 சி.சி. வரை பெட்ரோல் வண்டி, அதாவது ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் மாதிரி என்றால் க்ராங்கிங் 200 ஆம்பியர் போதும். பொலேரோ மாதிரி 1500 சி.சி. டீசலுக்கு 350-லிருந்து 400. இன்னோவா, ஸ்கார்ப்பியோ மாதிரி இரண்டு லிட்டருக்கு மேல் டீசல் என்றால் 500-க்குக் குறையாமல் பாருங்கள். என்னுடையது டீசல். நான் முதலில் வாங்கியதில் க்ராங்கிங் எண்ணே எங்கும் அச்சிடப்படவில்லை. அன்று காலை அது படுத்துப்போனதில் ஆச்சரியமில்லை.

நான்காம் படி: எம்.ஏ.எச். எண்ணை எப்படிப் படிப்பது

20,000 எம்.ஏ.எச். என்று இன்னொரு பெரிய எண் இருக்கும். மில்லி ஆம்பியர் ஹவர் என்பதன் சுருக்கம், கருவி எவ்வளவு சார்ஜ் சேமித்து வைக்கும் என்பதைச் சொல்வது. வண்டியைக் கிளப்புவதில் இதற்குப் பெரிய பங்கு இல்லை. 200 ஆம்பியரை 3 விநாடி எடுத்தால் செலவாவது சுமார் 2 வாட் ஹவர்தான். 12,000 எம்.ஏ.எச். என்று போட்ட கருவியில், ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட் வீதம் கணக்குப் போட்டால் 44.4 வாட் ஹவர் இருக்கிறது. கணக்குப்படி ஒரு சார்ஜில் பத்து தடவைக்கு மேலேயே கிளப்பலாம். எவ்வளவு சேமித்து வைத்திருக்கிறது என்பதைவிட, அதை எவ்வளவு வேகமாகக் கொட்ட முடியும் என்பதே முக்கியம். கிணற்றில் தண்ணீர் நிறைய இருந்தாலும் மோட்டார் சின்னதாக இருந்தால் வாய்க்காலில் வேகம் வராது அல்லவா, அதே கதைதான்.

போன் சார்ஜ் போடவும் அதே கருவி வேண்டும் என்பவர்கள் மட்டும் இந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

ஐந்தாம் படி: நம்ம ஊர் வெயிலுக்கு எது தாங்கும்?

வெளிநாட்டு வீடியோக்களில் பனியைப் பற்றியே பேசுவார்கள். நமக்குக் கவலை சித்திரை வெயில். கத்திரி வெயிலில் நேரு வீதிப் பக்கமோ சில்வர் பீச்சிலோ கண்ணாடியை ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். லித்தியம் செல்லுக்கு அந்தச் சூடு ஆகாது. திறன் சீக்கிரம் குறையும், செல் உப்பும், மோசமான சரக்கு என்றால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. வீட்டில் பழைய போன் பேட்டரி உப்பியதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கும் அதே நிலைதான்.

அதனால் கருவியில் என்ன வகை செல் என்று கேளுங்கள். சாதாரண லித்தியம் பாலிமர் லேசாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் சூட்டில் காரில் விடக்கூடாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் கொஞ்சம் கனம், சூட்டை ஓரளவு தாங்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு. மூன்றாவது, சூப்பர் கெபாசிட்டர் வகை. இதில் லித்தியம் செல்லே இல்லை. இறங்கிப்போன கார் பேட்டரியில் மிச்சம் இருக்கும் சார்ஜையே சில நிமிடங்கள் உறிஞ்சி, ஒரே மூச்சில் திருப்பிக் கொட்டும். ஆறு மாதம் தொடாமல் டிக்கியில் கிடந்தாலும் வேலை செய்யும். பேட்டரி அடியோடு செத்திருந்தால் மட்டும் வேறு இடத்திலிருந்து அதற்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். விலையும் அதிகம்.

வண்டியிலேயே வைத்துவிட்டு மறந்துவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு நான் சூப்பர் கெபாசிட்டரைத்தான் சொல்வேன். பிள்ளைகள் பிரான்சிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வீடுகள் புதுச்சேரியில் நிறைய. அங்கே பேட்டரி அடியோடு இறங்கியிருக்கும். அவர்களுக்கு லித்தியம் கருவி வாங்கி வீட்டுக்குள் அலமாரியில் வைப்பதே சரி.

ஆறாம் படி: கையில் எடுத்துப் பாருங்கள்

ஆன்லைனில் வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் தேதிக்குள் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள். கிளிப்பின் ஸ்பிரிங் அழுத்தமாக இருக்க வேண்டும். லூசாகப் பிடித்தால் தீப்பொறி வரும். வயர் தடிமனாக இருக்கட்டும். ப்ளஸ் மைனஸை மாற்றி மாட்டினால் எச்சரித்து மின்சாரத்தைத் தடுக்கும் வசதி கட்டாயம். 'பூஸ்ட்' பொத்தான் இருந்தால் நல்லது; மிகவும் இறங்கிய பேட்டரியைக் கருவி கண்டுகொள்ளாதபோது அது தேவைப்படும். ஆனால் பூஸ்டை அழுத்தினால் பல கருவிகளில் பாதுகாப்பு வசதிகள் அணைந்துவிடும், அப்போது கிளிப் சரியா என்று இரண்டு தடவை பாருங்கள்.

லித்தியம் என்றால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். முத்திரையும் ஐ.எஸ். 16046 என்ற எண்ணும் இருக்கிறதா என்று தேடுங்கள். தயாரித்த மாதத்தையும் பாருங்கள். இரண்டு வருடம் கடை அலமாரியில் கிடந்த லித்தியம் புதிதல்ல. பில் இல்லாமல் வாங்க வேண்டாம்.

ஏழாம் படி: பகலிலேயே ஒரு தடவை பழகுங்கள்

அவசரத்தில் இருட்டில் முதல்முறை மாட்டிப் பார்க்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோரையும் கூப்பிட்டுச் செய்து காட்டுங்கள்.

கருவியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்க வேண்டும். இக்னிஷன், ஏசி, லைட், எல்லாம் ஆஃப். சிவப்புக் கிளிப்பைப் பேட்டரியின் ப்ளஸ் டெர்மினலில் மாட்டுங்கள். கறுப்புக் கிளிப்பை, பேட்டரியிலிருந்து கொஞ்சம் தள்ளி, எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதன் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது என்பதற்காகத்தான் இது. கருவியோடு வந்த கையேடு வேறு மாதிரி சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். பச்சை விளக்கு வந்ததும் சாவியைத் திருப்புங்கள். ஐந்து விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம். எடுக்கவில்லை என்றால் ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி. மூன்று தடவைக்கு மேல் முயன்றால் கருவிதான் கெடும். வண்டி எடுத்ததும் அரை நிமிடத்துக்குள் கறுப்பு, அப்புறம் சிவப்பு என்று கழற்றிவிடுங்கள்.

எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரை வையுங்கள். 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது. 12-ஐ ஒட்டியே நின்றால் நேராக எலக்ட்ரீஷியனிடம் போங்கள், வழியில் அணைக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் எங்கள் பக்கத்து ஆட்கள் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரைச் சுற்றிலும் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் வண்டி எடுக்கவில்லையே என்று ஜம்ப் ஸ்டார்ட்டரோடு போக நினைப்பது இயல்பு. தயவுசெய்து செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது காற்றைப் போல அமுங்காது. வலுக்கட்டாயமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்து, எஞ்சினையே பிரித்துப் போடும் செலவு வரும். வெள்ளத்தில் நின்ற வண்டியைச் சாவியைக்கூடத் திருப்பாமல் இழுவை வண்டியில் ஏற்றி மெக்கானிக்கிடம் அனுப்புங்கள்.

லித்தியம் கருவியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சார்ஜ் பாருங்கள். நான் அமாவாசைக்கு வண்டியைக் கழுவி எலுமிச்சம்பழம் வைக்கும்போது அதையும் எடுத்துப் பார்த்துவிடுகிறேன். மற்ற நாட்களில் அது ஹாலில், கார் சாவி மாட்டும் ஆணிக்குக் கீழே ஒரு மஞ்சப் பையில் தொங்குகிறது. ஜிப்மர் போகிற நாளில் சாவியை எடுக்கும்போது அம்மாவே அந்தப் பையையும் எடுத்துக்கொள்கிறார்.