கடலோரத்தில் இ1 லீஸ்டு லைன்: மோடம், ரூட்டர், எர்த் பொருத்தும் முறை

தொண்டியிலிருந்து மண்டபம், பாம்பன் வழியாக ராமேஸ்வரம் வரையும், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கமும் லீஸ்டு லைன் (உங்களுக்கு மட்டும் என்று வாடகைக்கு எடுக்கும் டேட்டா லைன்) எடுத்த அலுவலகம் எதுவானாலும், லைன் தொங்கியதும் முதலில் கைவைப்பது ரூட்டர் கான்ஃபிகரேஷனில். அங்கே கைவைக்க வேண்டாம். நேற்று வரை ஓடிய கான்ஃபிகரேஷன் தானாக மாறாது. உப்புக் காற்றில் கம்பி முனை மாறும், எர்த் மாறும், கேபிளுக்குள் தண்ணீர் இறங்கும். பொருத்தும்போதே இவற்றைக் கவனித்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் லைன் நிற்கும்.

என்னென்ன வேண்டும்

லைன் கொடுக்கும் நிறுவனம் உங்கள் கட்டடத்தில் வைப்பது என்டியு எனப்படும் மோடம். அமெரிக்கக் கையேடுகளில் சிஎஸ்யு/டிஎஸ்யு என்று வரும் கருவியின் வேலையை இங்கே இதுதான் செய்கிறது. செம்பு பேரில், அதாவது முறுக்கிய இரட்டைச் செம்புக் கம்பியில் வந்தால், இது எஸ்எச்டிஎஸ்எல் (டெலிஃபோன் கம்பியில் டேட்டா அனுப்பும் முறை) மோடமாக இருக்கும். உங்கள் பக்கம் அது இரண்டு விதமாக வெளியே வரும். ஒன்று ஜி.703, அதாவது 2.048 எம்பிபிஎஸ் இ1. மற்றொன்று வி.35, 64 கேபிபிஎஸ் முதல் 2 எம்பிபிஎஸ் வரை. எது வருகிறது என்று ஆர்டர் போடும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதற்கேற்ற கார்டு ரூட்டரில் இல்லையென்றால் லைன் வந்த நாளன்று வேலை நின்றுவிடும்.

வி.35 என்றால் 34 பின் கனெக்டர் உள்ள டிடிஇ (ரூட்டர் பக்க) கேபிளும் சீரியல் போர்ட்டும் வேண்டும். இ1 என்றால் இ1 கார்டு வேண்டும். போர்ட் 120 ஓம் ஆர்ஜே45-ஆ, 75 ஓம் பிஎன்சி-யா என்று பாருங்கள். ஒரு பக்கம் 120, மறுபக்கம் 75 என்றால் நடுவில் பேலன் (இரண்டையும் பொருத்தும் சிறு கருவி) போட வேண்டும். பிஎன்சி-க்கு 75 ஓம் கோஆக்சியல் மட்டும்தான். 50 ஓம் கேபிளும் அதே முனையில் நுழையும், ஆனால் எர்ரர் வந்துகொண்டே இருக்கும்.

கேபிள்

இ1-க்கான ஆர்ஜே45-இல் 1, 2 ஒரு பேர். 4, 5 ஒரு பேர். ரூட்டர் பக்கம் 1, 2 வாங்குவது, 4, 5 அனுப்புவது. மோடம் பக்கமும் அதே வரிசை என்றால் 1-ஐ 4-க்கும் 2-ஐ 5-க்கும் மாற்றிக் கட்ட வேண்டும். கடையில் வாங்கும் ஈதர்நெட் கிராஸ் கேபிள் இங்கே உதவாது. அது 1, 2-ஐ 3, 6-க்கு மாற்றுகிறது. முனை அழகாகச் சொருகும், அலாரம் மட்டும் போகாது. ஷீல்டு உள்ள கேட்5இ கேபிளில் ஆரஞ்சு ஜோடியை 1, 2-க்கும் நீல ஜோடியை 4, 5-க்கும் போடுங்கள். நிறம் பார்க்காமல் கம்பிகளை வரிசையாக அடித்தால் முறுக்கிய ஜோடி பிரிந்துவிடும். அது மீட்டரில் தொடர்ச்சி காட்டும், டேட்டாவில் எர்ரர் கொட்டும்.

தங்கப் பூச்சு உள்ள முனைகளை மட்டும் வாங்குங்கள். பச்சை ஏறியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பூச்சு போய்விடும், அதன் பிறகு அரிப்பு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

வெளியிலிருந்து வரும் செம்பு பேர்

குரல் வரும் டெலிஃபோன் பேரில் 48 வோல்ட் பேட்டரி எப்போதும் இருக்கும். ஜாயின்ட்டில் ஆக்சைடு படிந்தாலும் அந்த வோல்டேஜ் அதை உடைத்துக்கொண்டு போகும். லீஸ்டு லைன் பேரில் பல இடங்களில் டிசி எதுவும் இருக்காது. அதனால்தான் அதே டிபி பாக்ஸில் (கேபிள் பேர்கள் பிரியும் பெட்டி) பக்கத்துக் கடை ஃபோன் பேசும்போது உங்கள் லைன் மட்டும் விழுகிறது. மோடத்தில் வெட்டிங் கரண்ட் வசதி இருந்தால் போட்டுவிடச் சொல்லுங்கள். சில மில்லியாம்பியர் ஓடினாலே ஜாயின்ட் சுத்தமாக இருக்கும். ஜாயின்ட் எல்லாம் ஜெல்லி நிரப்பிய கனெக்டரில்தான் இருக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் இந்தக் கடற்கரையில் ஒரு மழைக்காலம் தாண்டாது.

மோடத்தைக் கழற்றிவிட்டு, மறுமுனையை ஷார்ட் செய்யச் சொல்லி லூப் ரெசிஸ்டன்ஸ் அளந்து எழுதிவையுங்கள். 0.5 மிமீ செம்புக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 175 ஓம், 0.4 மிமீ-க்கு 275 ஓம். எக்ஸ்சேஞ்ச் 2 கிமீ தூரம், கம்பி 0.5 மிமீ என்றால் 350 ஓம் அருகில் வர வேண்டும். 500 காட்டினால் நடுவில் ஒரு ஜாயின்ட் கெட்டிருக்கிறது, அல்லது நீங்கள் நினைத்ததைவிட மெல்லிய கம்பி போகிறது. பிறகு ஷார்ட்டை எடுத்துவிட்டு இரண்டு கம்பிக்கும் நடுவிலும், ஒவ்வொன்றிலிருந்தும் எர்த்துக்கும் இன்சுலேஷன் அளக்க வேண்டும். மெகாஓம் கணக்கில் இருந்தால் நல்லது. கிலோஓமுக்கு இறங்கியிருந்தால் கேபிளில் தண்ணீர் இருக்கிறது. மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) வைக்கும் முன் இரண்டு முனையிலும் மோடமும் சர்ஜ் (திடீர் மின் எழுச்சி) புரொடெக்டரும் கழன்றிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

எர்த்

இதில்தான் அதிகம் தவறுகிறார்கள். மோடத்துக்கு மட்டும் தனியாக "சுத்தமான எர்த்" என்று ஒரு கம்பி அடித்து, கரண்ட் எர்த்தோடு சேர்க்காமல் விடுவது இங்கே வழக்கம். இடி விழும்போது இரண்டு எர்த் கம்பிகளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் எழும். அந்த வித்தியாசம் ஒன்று சேர வழி தேடும்போது இருக்கும் ஒரே பாதை மோடமும் ரூட்டரும்தான். எத்தனை கம்பி அடித்தாலும் எல்லாவற்றையும் ஒரே எர்த் பாரில் கட்டுங்கள். லைன் உள்ளே நுழையும் இடத்தில் 230 வோல்ட் கேஸ் டிஸ்சார்ஜ் டியூப் உள்ள புரொடெக்டர் போட்டு, அதன் எர்த் கம்பியை அந்தப் பாருக்கு நேராக, வளைவில்லாமல், ஒரு மீட்டருக்குள் கொண்டுவாருங்கள். நீண்டு சுருண்ட எர்த் கம்பி சர்ஜை இறக்காது.

கரையோர மணலில் மேல் அடுக்கு காய்ந்து கிடக்கும், அதில் எர்த் பிடிக்காது. ஈரம் தொடும் ஆழம் வரை, குறைந்தது 3 மீட்டர், செம்புப் பூச்சுக் கம்பி இறங்க வேண்டும். கீழே உப்பு ஈரம் இருப்பதால் ரெசிஸ்டன்ஸ் எளிதாகக் குறையும், ஆனால் அதே ஈரம் ஜிஐ (துத்தநாகப் பூச்சு இரும்பு) பைப்பைத் தின்றுவிடும். செம்பும் ஜிஐ-யும் நேராகத் தொடும் இடத்தில் அரிப்பு இன்னும் வேகம். எர்த் ரெசிஸ்டன்ஸ் 5 ஓமுக்குள் இருக்க வேண்டும். மழை முடிந்த கையோடு அளந்து திருப்திப்படாதீர்கள், ஆடி மாத வறட்சியில் அளங்கள்.

கிளாக்கும் ரூட்டர் அமைப்பும்

இ1-இல் 32 டைம்ஸ்லாட், ஒவ்வொன்றும் 64 கேபிபிஎஸ். 0 ஃபிரேமிங்குக்கு, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதற்கு, போய்விடும். டேட்டாவுக்கு 1 முதல் 31 வரை எடுத்தால் 1984 கேபிபிஎஸ். 512 கேபிபிஎஸ் வாங்கியிருந்தால் 8 ஸ்லாட், அதுவும் நிறுவனம் சொன்ன அதே எண்கள். பிஆர்ஐ (பேச்சுக்கான ஐஎஸ்டிஎன் லைன்) என்றால் 30 ஸ்லாட் பேச்சுக்கு, 16 சிக்னலுக்கு. லைன் கோட் (பிட்டைப் பல்ஸாக்கும் முறை) எச்டிபி3. சிஆர்சி4 (எர்ரர் கண்டுபிடிக்கும் சோதனை) இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மறுமுனையில் வேறு நிறுவன ரூட்டர் இருந்தால் என்கேப்சுலேஷன் (டேட்டாவைப் பொதியும் முறை) பிபிபி வையுங்கள். எச்டிஎல்சி ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறு வேறு.

கிளாக்கை (பிட்டுகளின் நேரக் கணக்கை) லைனிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ரூட்டர் தன் சொந்தக் கிளாக்கில் ஓடினால் லைன் பச்சையாகத்தான் தெரியும். ஆனால் ஜி.703 அனுமதிக்கும் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50) வித்தியாசத்துக்கே விநாடிக்கு 102 பிட் விலகும். ஒரு ஃபிரேம் 256 பிட். ஆக 2.5 விநாடிக்கு ஒரு ஸ்லிப், அதாவது ஒரு ஃபிரேம் தொலையும் அல்லது இரட்டிக்கும். பேச்சில் "டக்" என்று கேட்கும், ஃபேக்ஸ் பாதியில் நிற்கும், டேட்டா மந்தமாகும்.

அலாரம் சொல்வது

எல்ஓஎஸ் வந்தால் பல்ஸே வரவில்லை: கேபிள், முனை, இரு பேரும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். எல்ஓஎஃப் என்றால் பல்ஸ் வருகிறது, ஃபிரேம் புரியவில்லை. முதலில் சிஆர்சி4-ஐச் சரிபாருங்கள். ஏஐஎஸ் என்றால் மோடம் வரை எல்லாம் நலம், அதற்கு அப்பால் அறுந்திருக்கிறது. உங்கள் பக்கம் எதையும் தொடாமல் நிறுவனத்துக்கு ஃபோன் போடுங்கள். ஆர்ஏஐ என்றால் நீங்கள் அனுப்புவது அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. 4, 5 பேரில் தேடுங்கள்.

எந்தப் பக்கக் கோளாறு என்று பிரிக்க லூப் பிளக் ஒன்று செய்து வையுங்கள்: ஆர்ஜே45 முனையில் 1-ஐ 4-இலும் 2-ஐ 5-இலும் கட்டினால் போதும். அதை ரூட்டரில் சொருகும்போது அலாரம் போனால் ரூட்டர் சரி. பிறகு கேபிளின் மோடம் முனையில் லூப் போட்டுப் பாருங்கள், அதற்குப் பின் நிறுவனத்திடம் மோடத்தில் லூப் போட்டு 15 நிமிடம் பிட் எர்ரர் சோதனை கேளுங்கள். ஏசி கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்போது மட்டும் எர்ரர் ஏறினால் எர்த்தைப் பாருங்கள். மழை பெய்த சில மணி நேரத்தில் ஏறினால் கேபிள் ஜாயின்ட்.

புரட்டாசியில், மழைக்கு முன், மோடம் மெனுவிலிருந்து எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க மிச்சமுள்ள அளவு), லூப் அட்டெனுவேஷன் (கம்பியில் சிக்னல் குறையும் அளவு) இரண்டையும் லூப் ரெசிஸ்டன்ஸோடு ஒரு தாளில் எழுதி ரேக் கதவில் ஒட்டுங்கள். மார்ஜின் 6 டெசிபலை நெருங்கினால் லைன் விழும் வரை காத்திருக்காதீர்கள். சர்க்யூட் எண், அலாரம் பெயர், நேரம், லூப் சோதனை முடிவு, இந்த எண்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் புகார் கொடுத்தால், லைன்மேன் முதல் வருகையிலேயே சரியான டிபி பாக்ஸைத் திறப்பார்.