லைனை வெட்டிவிட்டு வாதாடாதீர்கள்: விளையாட்டு வானொலிக்குப் புதியவர்களுக்கு

1987 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் டபிள்யூ.எஃப்.ஏ.என். தொடங்கியபோது, நாள் முழுக்க விளையாட்டையே பேசும் நிலையம் தாக்குப்பிடிக்குமா என்று சந்தேகப்பட்டவர்கள் பலர். இன்றும் ஓடுகிறது. அதை ஓட வைத்ததில் போனில் வந்து சண்டை போட்ட நேயர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தெளிவாகப் பேசுவது, ஸ்கோர் தெரிந்து வருவது போன்றவற்றை யாரும் சொல்லித்தருவார்கள். புதிய தொகுப்பாளர்கள் சறுக்குவது வேறு இடங்களில்.

துண்டித்தபின் மடக்குவது

உள்ளூர் அணி தோற்ற மறுநாள் காலை. அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக்கை மாற்றணும் என்று சொல்வதற்காக ஒருவர் அரை மணி நேரம் ஹோல்டில் கிடக்கிறார். அவருடைய இரண்டாவது வாக்கியத்திலேயே "சரி, நன்றி" என்று லைனை வெட்டுகிறார் தொகுப்பாளர். அதற்குப் பிறகுதான் வீரம் வருகிறது. "இந்த ஆள் மேட்ச் பார்த்தாரா இல்லையா?" என்று மூன்று நிமிடம் பொரிந்து தள்ளுகிறார். ஆளில்லாத கோதாவில் தொடை தட்டுவதற்கு என்ன பெயர்?

அழைத்தவரின் கோபம் சின்ன விஷயம். காரில் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் ஒருநாளும் அழைக்கப்போவதில்லை. ஆனாலும் லைனில் பேசுகிறவரைத் தங்கள் ஆளாகத்தான் நினைக்கிறார்கள், அவர் வாங்கும் அடி அவர்களுக்கும் உறைக்கும். முதல் தடவை அழைக்கலாமா என்று யோசித்தவர் போனை வைத்துவிடுவார். சில மாதத்தில் அதே நான்கைந்து குரல்கள் மட்டும் மிஞ்சும், அதுவும் திட்டு வாங்குவதற்கென்றே அழைக்கிற குரல்கள்.

அமெரிக்க விளையாட்டு வானொலித் தொகுப்பாளர் ஜிம் ரோம் அழைத்தவர்களை விரட்டவில்லையா என்பார்கள். விரட்டினார்தான். ஆனால் சரக்கோடு வா, சொதப்பாதே என்பது அவர் நிகழ்ச்சியில் எல்லோருக்கும் தெரிந்த விதி. நன்றாகக் கலாய்ப்பவர்களுக்கு 'ஸ்மாக்-ஆஃப்' என்று ஆண்டுதோறும் போட்டியே வைத்தார். விதியை விட்டுவிட்டு விரட்டலை மட்டும் நகலெடுத்தால் அது வெறும் முரட்டுத்தனம்.

துண்டிக்காமல், அழைத்தவரின் குரலைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்குங்கள். மறுப்பை 20 வினாடிக்குள் முடித்து, ஃபேடரை ஏற்றி, "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேளுங்கள். பதிலுக்கு 15 வினாடி கொடுங்கள். உளறினால் அது அவர் பாடு. உங்களையே மடக்கிவிட்டால் அன்றைக்கு அதுதான் நல்ல வானொலி.

காத்திருப்பவரை மறப்பது

அழைத்தவரின் பெயர், ஊர், ஒரு வரியில் கருத்து, காத்திருக்கும் நேரம் எல்லாம் திரையில் இருக்கும். கடைசியாகச் சொன்னதை யாரும் பார்ப்பதில்லை. விளம்பரத்துக்கு 30 வினாடி இருக்கும்போது புது அழைப்பை எடுக்காதீர்கள். பேச்சு வேறு விஷயத்துக்குத் தாவிவிட்டால், அழைப்புகளை வடிகட்டும் உதவியாளர் காத்திருப்பவரிடம் அதைச் சொல்லி அனுப்பிவிடட்டும்.

"ரேடியோவைக் குறைங்க!"

பல நிலையங்களில் ஒலிபரப்பு ஏழெட்டு வினாடி தாமதமாகப் போகிறது. பக்கத்தில் ரேடியோ ஓடினால் அழைப்பவருக்குத் தன் குரலே பின்னால் கேட்கும், பேச்சு தடுமாறும். அதற்காக அவரைக் கிண்டலடிப்பது அநியாயம். லைனைக் கொடுக்கும் முன்பே உதவியாளர் சொல்லியிருக்க வேண்டும்.

பெயரைத் தப்பாகச் சொல்வது

திரையைப் பாருங்கள்.

உச்சரிப்பைக் கேலி செய்வது

கூடாது.

டம்ப் பட்டன்

அந்தத் தாமதத்தில் நிற்கும் பேச்சை வானலைக்குப் போகும் முன் வெட்டும் பொத்தான் இது. கெட்ட வார்த்தைக்கு மட்டும்தான், உங்களைத் தோற்கடித்த வாதத்துக்கு அல்ல. தாமதம் முழுவதையும் ஒரே அழுத்தில் செலவழித்தால், கருவி அதை மெல்ல மெல்லத் திரும்பச் சேர்க்கும் வரை பாதுகாப்பு கிடையாது. அடுத்தவர் வாயிலிருந்து வரும் வசவு நேராக வானலைக்குப் போய்விடும். பாதியை மட்டும் வெட்டும்படி கருவியை அமைக்க முடியுமா என்று பொறியாளரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.