வைட்டல் சிந்தசைசரில் வாபிள் பாஸ்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

ஒரே சுருதியில் நின்றுகொண்டு "உ" என்று நீட்டிச் சொல்லுங்கள். மூச்சை நிறுத்தாமல் வாயை மெல்லத் திறந்து "ஆ"வுக்குப் போய், மறுபடி "உ"வுக்கு வாருங்கள். தொண்டையிலிருந்து வரும் சுருதி மாறவில்லை. வாய் திறந்த அளவுக்குத் தக்கபடி ஒலியின் மேற்பகுதி வெளியே வருகிறது, உள்ளே அடங்குகிறது. டப்ஸ்டெப் இசையில் "வவ்... வவ்... வவ்வவ்வவ்" என்று புரளும் கனத்த ஒலியான வாபிள் பாஸும் இவ்வளவுதான். தொண்டையின் வேலையை அங்கே ஆசிலேட்டர் செய்கிறது, வாயின் வேலையை ஃபில்டர் செய்கிறது. வாயைத் திறந்து மூடும் வேகத்தை எல்எஃப்ஓ முடிவு செய்கிறது.

2000-களின் தொடக்கத்தில் தென் லண்டனின் கிராய்டன் பகுதியைச் சுற்றி உருவான இசை டப்ஸ்டெப். நிமிடத்துக்கு 140 தட்டு அதன் வழக்கமான வேகம். ஆனால் ஸ்னேர் டிரம் மூன்றாவது தட்டில்தான் விழும் என்பதால் காதுக்கு 70 போல நிதானமாகத் தோன்றும். தட்டுகளுக்கு நடுவே கிடைக்கும் அந்த அகலமான வெற்றிடத்தில்தான் வாபிள் பாஸ் உலவுகிறது. அதனால் இந்தக் குறிப்பில் ஒலியின் நிறத்தைவிட அசைவின் தாளத்துக்கே அதிக இடம் கொடுக்கிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நிறத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நிறம் சுமாராக இருந்தாலும் தாளம் சரியாக இருந்தால் வாபிள் எடுபட்டுவிடும். தாளம் தட்டையாக இருந்தால் எந்த நிறமும் அதைக் காப்பாற்றாது.

தேவையானவை

எஃப்எல் ஸ்டூடியோ, ஏபிள்டன் லைவ், ரீப்பர் என எந்த இசைத் தயாரிப்பு மென்பொருளும் போதும். ஒலியை உருவாக்க வைட்டல் என்ற சிந்தசைசர் பிளகினை (இசை மென்பொருளுக்குள் சேர்த்து இயக்கும் துணை மென்பொருள்) எடுத்துக்கொள்கிறேன். மேட் டைட்டல் உருவாக்கி 2020-இல் வெளியிட்டது இது. இலவசப் பதிப்பிலும் சிந்தசைசர் முழுமையாகவே கிடைக்கிறது. கட்டணப் பதிப்புகளில் ஆயத்த ஒலிகளும் அலை வடிவங்களும் கூடுதலாக வரும். நாம் எல்லாவற்றையும் வெறும் நிலையிலிருந்து செய்யப்போவதால் அந்தக் கூடுதல் நமக்குத் தேவையில்லை.

ஒரு நல்ல ஹெட்போன் கட்டாயம் வேண்டும். மடிக்கணினியின் ஸ்பீக்கரில் இந்த ஒலியின் அடிப்பகுதி கேட்கவே கேட்காது. கேட்காததைச் சரிசெய்ய முடியாது.

படி 1: வேகமும் சுரமும்

திட்டத்தின் வேகத்தை 140 என்று வையுங்கள். ஒரு டிராக்கில் வைட்டலைச் சேர்த்து, சுரங்களை எழுதும் கட்டமான பியானோ ரோலில் இரண்டு பார் (ஒரு பார் நான்கு தட்டு) நீளத்துக்கு ஒரே சுரத்தை எழுதுங்கள். நான் எஃப் சுரத்தை எடுத்துக்கொள்கிறேன். அதிர்வெண் சுமார் 43.65 ஹெர்ட்ஸ்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. ஒரே சுரத்துக்கு ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு ஸ்தாயி எண் போடுகிறது. மிடி எண் (எல்லா மென்பொருளுக்கும் பொதுவான சுர எண்) 29 உள்ள இந்த எஃப், ரீப்பரில் எஃப்1 என்றும், ஏபிள்டன் லைவில் எஃப்0 என்றும், எஃப்எல் ஸ்டூடியோவில் எஃப்2 என்றும் தெரியும். இணையத்தில் பார்க்கும் காணொளியில் சொன்ன சுரத்தையே எழுதியும் ஒலி ஒரு ஸ்தாயி தள்ளி வந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

படி 2: வெறும் ரம்ப அலை

வைட்டலின் மெனுவில் ஆரம்ப நிலைக்குத் திருப்பும் கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்தால் முதல் ஆசிலேட்டர் மட்டும் ரம்ப அலையோடு இயங்கும். அந்த ஆசிலேட்டரின் சுருதியை 12 அரைச்சுரம், அதாவது ஒரு ஸ்தாயி, மேலே ஏற்றுங்கள். அடி ஒலியைப் பின்னால் தனியாகச் சேர்க்கப்போகிறோம் என்பதால் இவன் கொஞ்சம் மேலேயே இருக்கட்டும்.

ரம்ப அலையை ஏன் எடுக்கிறோம்? அதில் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 2, 3, 4, 5 மடங்கு என எல்லா மேற்சுரங்களும் வரிசையாக இருக்கின்றன. ஃபில்டர் என்பது இருப்பதைக் குறைக்கும் கருவி. குறைக்க ஏதாவது இருந்தால்தானே அது வேலை செய்யும்? சைன் அலையில் மேற்சுரமே கிடையாது. அதன் மீது ஃபில்டரை எவ்வளவு ஆட்டினாலும் சத்தம் கூடிக் குறையுமே தவிர "வவ்" வராது.

கீழே வலப்புறம் உள்ள குரல்களின் எண்ணிக்கையை 1 ஆக்குங்கள். பாஸ் ஒலியில் ஒரு சமயம் ஒரு சுரம்தான் கேட்க வேண்டும். இரண்டு தாழ்ந்த சுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் உறுமல் குழம்பிப்போகும். ஒரே சுரத்தைப் பல பிரதிகளாக அடுக்கும் யூனிசனையும் இப்போதைக்குத் தொட வேண்டாம்.

படி 3: ஃபில்டர்

முதல் ஃபில்டரை இயக்குங்கள். ஆசிலேட்டரின் வெளியீடு அந்த ஃபில்டருக்குத்தான் போகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வகையில் லேடர் அல்லது அனலாக், 24 டெசிபல் சரிவு, லோ-பாஸ் என்று தேர்ந்தெடுங்கள். லோ-பாஸ் என்றால் தாழ்ந்த அதிர்வெண்களை விட்டுவிட்டு உயர்ந்தவற்றைத் தடுப்பது.

தடுப்பு எந்த அதிர்வெண்ணில் தொடங்குகிறது என்பதை முடிவு செய்யும் கட்-ஆஃப் குமிழைச் சுழற்றினால் எண் ஹெர்ட்ஸில் வராமல் அரைச்சுரக் கணக்கில் வரும். 60 என்பது பியானோவின் நடு சி, ஏறத்தாழ 262 ஹெர்ட்ஸ். 12 கூடினால் அதிர்வெண் இரட்டிக்கும். இப்போது கட்-ஆஃபை 40-இல் நிறுத்துங்கள். அது 82 ஹெர்ட்ஸ். ஒலி மங்கி, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். ரெசனன்ஸை 30 விழுக்காடு அளவில் வையுங்கள். கட்-ஆஃப் நிற்கும் இடத்தை அது சற்று உயர்த்திக் காட்டும். அந்த மேடு நகரும்போதுதான் ஒலிக்கு உயிரெழுத்துச் சாயல் வருகிறது. அளவு மீறினால் விசில் அடிக்க ஆரம்பிக்கும்.

அடுத்த படிக்குப் போகும் முன் கட்-ஆஃப் குமிழைக் கையாலேயே மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். "வவ்... வவ்..." வந்துவிட்டது அல்லவா? இனி உங்கள் கைக்குப் பதில் எல்எஃப்ஓவை உட்கார வைப்பதுதான் மிச்சம்.

படி 4: எல்எஃப்ஓவை இணைத்தல்

எல்எஃப்ஓ என்பது காதுக்குக் கேட்காத அளவு மெதுவாக ஏறி இறங்கும் ஓர் அலை. அது தானாக ஒலிப்பதில்லை, இன்னொரு குமிழைத் திருப்புகிறது. வைட்டலில் எல்எஃப்ஓ 1 என்ற தலைப்பின் பக்கத்தில் உள்ள அம்புக்குறிச் சின்னத்தைப் பிடித்து இழுத்து, கட்-ஆஃப் குமிழின் மேல் விடுங்கள். இணைப்பு ஏற்பட்டதும் எவ்வளவு ஆட்ட வேண்டும் என்பதற்கு ஒரு சிறிய குமிழ் தோன்றும். அதை முழு அளவில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வைத்தால் கட்-ஆஃப் 40-க்கும் சுமார் 95-க்கும் இடையே, அதாவது 82 ஹெர்ட்ஸிலிருந்து ஏறக்குறைய 2,000 ஹெர்ட்ஸ் வரை போய்வரும். இந்த எண்ணில் எனக்குப் பிடிவாதம் இல்லை. வாய் முழுதாகத் திறக்கவில்லை என்று தோன்றினால் கூட்டுங்கள், கத்தினால் குறையுங்கள்.

எல்எஃப்ஓவின் வேகம் முதலில் நொடிக்கணக்கில் இருந்தால் டெம்போவுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் அது பாட்டின் தாளத்தோடு சேராமல் தன் போக்கில் அலையும். இயங்கும் முறையில் டிரிகர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒவ்வொரு சுரம் தொடங்கும்போதும் எல்எஃப்ஓ முதலிலிருந்து ஆரம்பிக்கும். சிங்க் என்ற முறையில் அது பாட்டு ஓடும் இடத்தைப் பின்பற்றும், சுரம் எங்கே தொடங்கினாலும் கவலைப்படாது. தொடக்கத்தில் டிரிகர்தான் கைக்கு அடங்கும்.

அலையின் வடிவத்தையும் மாற்றிக் கேளுங்கள். முக்கோண வடிவம் மூடிய நிலையில் தொடங்கித் திறந்து மூடுவதால் "வவ்" என்று மென்மையாக வரும். இறங்கும் ரம்ப வடிவம் திறந்த நிலையில் தொடங்குவதால் "டவ்" என்று அடித்துக்கொண்டு வரும். சதுர வடிவத்தில் இடைநிலையே இல்லை. வெட்டு வெட்டாகத் தெறிக்கும்.

ஒன்றும் அசையவில்லையா? ஃபில்டர் அணைந்திருக்கலாம், ஆசிலேட்டர் வேறு பாதையில் போகலாம், அல்லது இணைப்பின் அளவு பூஜ்யமாக இருக்கலாம். மேட்ரிக்ஸ் பக்கத்தைத் திறந்தால் எது எதை ஆட்டுகிறது என்ற பட்டியல் கிடைக்கும், அங்கே தேடுங்கள்.

படி 5: தாளம்

எல்எஃப்ஓ வேகத்தை 1/4 என்று வைத்தால் தட்டுக்கு ஒரு வவ். 140 வேகத்தில் அது ஏறத்தாழ 429 மில்லிநொடி. 1/8 என்றால் தட்டுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 214 மில்லிநொடி. 1/16 என்றால் நான்கு, 107 மில்லிநொடி. டிரிப்லெட் வகைக்கு மாற்றி 1/8 வைத்தால் தட்டுக்கு மூன்று, 143 மில்லிநொடி. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம்: சதுஸ்ர நடையிலிருந்து திஸ்ர நடைக்குப் போகும் அதே திருப்பம். கொன்னக்கோலில் "தகதிமி" நான்கும் "தகிட" மூன்றும் வாயில் சொல்லிப் பார்த்துவிட்டு எல்எஃப்ஓவைத் திருப்பினால் எங்கே மாற்ற வேண்டும் என்று தானாகவே தெரியும்.

ஒரே வேகத்தில் இரண்டு பார் ஓடினால் அது பழுதான மின்விசிறி. வேகம் மாற வேண்டும். அதற்கு மேக்ரோ 1 என்ற, மற்றக் குமிழ்களைத் திருப்பும் பொதுக் குமிழை இழுத்து எல்எஃப்ஓவின் வேகத்தின் மேல் விடுங்கள். அடிப்படை வேகம் 1/2 ஆக இருக்கட்டும். மேக்ரோவை முழுதாகத் திருப்பும்போது 1/16 வருமாறு இணைப்பின் அளவைச் சரிசெய்யுங்கள். இடையில் 1/4-உம் 1/8-உம் படிப்படியாக வரும். இனி உங்கள் மென்பொருளில் மேக்ரோ 1-க்கு ஆட்டோமேஷன் கோடு (பாட்டு ஓடும்போது குமிழைத் தானாகத் திருப்பும் கோடு) வரையலாம். கோட்டைச் சாய்வாக வரையாமல் படிக்கட்டாக வரையுங்கள். படி மாறும் இடத்தில் நீண்ட சுரத்தை வெட்டி, புதிய சுரமாகத் தொடங்குங்கள். அப்போதுதான் டிரிகர் முறையில் வவ் சரியாகத் தட்டில் பிறக்கும். சுரங்கள் ஒன்றையொன்று தொடாமல் மிகச் சிறிய இடைவெளி விடுவது பாதுகாப்பு.

முதல் பயிற்சிக்கு ஓர் அமைப்பு தருகிறேன். முதல் பாரில் ஒன்று, இரண்டாம் தட்டுகளுக்கு 1/4, மூன்றாம் தட்டுக்கு 1/8, நான்காம் தட்டுக்கு 1/16. இரண்டாவது பாரில் முதல் இரண்டு தட்டுக்கும் சேர்த்து 1/2 வேகத்தில் ஒரே ஒரு நீண்ட வவ், மூன்றாம் தட்டில் திஸ்ரம், நான்காம் தட்டில் அமைதி. அந்த அமைதியை நிரப்பிவிடாதீர்கள். அடுத்த சுற்று விழும்போது கனம் தெரிவதே அதனால்தான்.

திஸ்ரத்துக்கு மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. டிரிப்லெட் என்பது தனி வகை என்பதால் மேக்ரோவின் படிக்கட்டில் அது வராது. டிராக்கைப் பிரதி எடுத்து, பிரதியில் எல்எஃப்ஓவை டிரிப்லெட்டுக்கு மாற்றி, திஸ்ர சுரங்களை மட்டும் அங்கே வைப்பதே எளிய வழி.

படி 6: அசையாத அடி ஒலி

மூன்றாவது ஆசிலேட்டரை இயக்கி அதில் சைன் அலையைத் தேர்ந்தெடுங்கள். சுருதியை ஏற்ற வேண்டாம். வெளியீட்டை ஃபில்டருக்கும் எஃபெக்ட்களுக்கும் அனுப்பாமல் நேரடி வெளியீடாக மாற்றுங்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் அலை வேறு வேறு இடத்தில் தொடங்காமலிருக்க, ஃபேஸ் குமிழின் அருகில் உள்ள சீரற்ற அளவைப் பூஜ்யமாக்குங்கள்.

இந்த 43.65 ஹெர்ட்ஸ் ஒலி ஆடாமல் அசையாமல் நிற்கும். அதையும் ஃபில்டரோடு சேர்த்து ஆட்டினால் ஒவ்வொரு வவ்வுக்கும் பாட்டின் அடித்தளமே வந்து வந்து போகும். மேலே ரம்ப அலை 87 ஹெர்ட்ஸிலிருந்துதான் தொடங்குவதால் இரண்டும் மோதிக்கொள்ளாது. ஒரு ஸ்தாயி ஏற்றியதன் பயன் இங்கேதான் தெரிகிறது.

படி 7: கொஞ்சம் அழுக்கு

எஃபெக்ட் பக்கத்தில் ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை இயக்கி, சாஃப்ட் கிளிப் வகையில் அதன் அளவான டிரைவை 8 டெசிபல் அளவில் வையுங்கள். ஃபில்டருக்குப் பின்னால் வரும் டிஸ்டார்ஷன் புதிய மேற்சுரங்களைப் பிறப்பிக்கிறது. கைபேசியின் குட்டி ஸ்பீக்கரால் 43 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாது. ஆனால் மேற்சுரங்கள் கேட்டால் அவற்றின் அடிச்சுரத்தை நம் மூளையே ஊகித்துக்கொள்கிறது. ஒலியின் ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனித்தனியாகச் சமப்படுத்தும் மல்டிபேண்ட் கம்ப்ரஸரை முழு அளவில் திருகிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. முதல் ஒலிக்கு அது வேண்டாம். எல்லாப் பகுதியையும் ஒரே உயரத்துக்குத் தூக்கினால், எல்எஃப்ஓ பாடுபட்டு உண்டாக்கிய ஏற்ற இறக்கம் தேய்ந்துபோகும். எதிரொலி சேர்க்கும் ரெவர்பும் அப்படித்தான், வவ்வுகளுக்கு இடையே உள்ள இடைவெளியை மெழுகிவிடும்.

பாட்டில் சேர்க்கும்போது

கிக் டிரம் விழும் நொடியில் பாஸின் சத்தம் சற்றுத் தாழ்ந்து எழும்படி சைட்செயின் கொடுங்கள். மாஸ்டர் அளவு உச்சத்தைத் தொடாமல் 6 டெசிபலாவது கீழே நிற்கட்டும். ஹெட்போனில் ஒருமுறையும் கைபேசியில் ஒருமுறையும் கேளுங்கள். கைபேசியில் வாபிள் மறைந்தால் டிரைவைக் கூட்டுங்கள், ஹெட்போனில் காது கூசினால் எல்எஃப்ஓ இணைப்பின் அளவைக் குறையுங்கள்.

வைட்டலில் இந்த ஒலியைப் பெயரிட்டுச் சேமித்த பிறகு, இரண்டு பாரையும் ஆடியோவாக மாற்றித் தனி டிராக்கில் போடுங்கள். திஸ்ர டிராக்கையும் அதோடு சேர்த்தே மாற்றுங்கள். ஆடியோவாகிவிட்டால் ஒரு வவ்வை வெட்டித் திருப்பிப் போடலாம், பாதியில் நறுக்கலாம், இடம் மாற்றி அடுக்கலாம். மூலமான மிடி டிராக்கை அழிக்காமல் ஒலியை மட்டும் அணைத்து வைத்திருங்கள். சுரத்தை மாற்ற வேண்டியிருந்தால் அங்கேதான் திரும்பிப் போக வேண்டும்.