பொட்டலமும் கேமராவும்: பதிவு போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015 டிசம்பர் மழையைச் சென்னையில் அனுபவித்தவர்களிடம் போய், சோஷியல் மீடியா வெறும் வெட்டி வேலை என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். "எங்கள் மாடி காலியாக இருக்கிறது, நாலு பேர் தங்கலாம்" என்று முன்பின் தெரியாதவர்களுக்காக ட்விட்டரில் எழுதினார்கள். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று ஆளாளுக்குக் குறித்துக் கொடுத்தே ஒரு வரைபடம் உருவானது. அதே மழையில்தான் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற புரளியும் ஓடியது.

முதல் தவறு நானே செய்தது. ரத்தம் தேவை என்று வந்த ஒரு செய்தியைப் படபடவென்று ஐந்து குழுக்களுக்குத் தள்ளிவிட்டேன். அப்புறம்தான் அதிலிருந்த எண்ணைக் கூப்பிட்டேன். "சார், அது முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. இன்னும் தினமும் யாராவது கூப்பிடறாங்க" என்றார் ஒருவர். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. செய்தியில் தேதியே இல்லை. உதவி கேட்டுப் போடும்போது தேதி, நேரம், இடம் மூன்றும் எழுதுங்கள். தேவை முடிந்ததும் பதிவை அழித்துவிடுங்கள். அடுத்தவர் பதிவு என்றால், ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

இரண்டாவது, கொடுப்பதைப் படம் பிடிப்பது. முழங்கால் தண்ணீரில் ஒரு அம்மா சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக் கை நீட்டுகிறார். கொடுப்பவர் அதை விடவில்லை. "இந்தப் பக்கம் பாருங்கம்மா" என்கிறார் போன் வைத்திருப்பவர். பொட்டலம் இருவர் கையிலும் அப்படியே நிற்கிறது. அந்தச் சில நொடியில் உதவி விளம்பரமாகிவிடுகிறது. நன்கொடையாளர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்பார்கள். சரி, அடுக்கி வைத்த பொட்டலங்களை எடுங்கள், சமையல் அண்டாவை எடுங்கள், வாங்குபவர் முகம் எதற்கு? நாளை அவர் பிள்ளை வகுப்பில் அந்த வீடியோ சுற்றும்.

அடுத்தது லைக் எண்ணுவது. ஃபேஸ்புக்கில் லைக் பட்டன் வந்தது 2009-ல். எப்போது வரும், எத்தனை வரும் என்று தெரியாததுதான் அதன் கொக்கி. நிச்சயமாகக் கிடைக்கும் பரிசை விட, வருமோ வராதோ என்கிற பரிசுக்குத்தான் மனசு அதிகம் அலையும். சூதாட்ட இயந்திரமும் அப்படித்தான் ஆளைப் பிடிக்கிறது. லைக் குறைந்ததென்று பதிவை அழித்து மறுபடி போடுகிறீர்கள் என்றால் கொக்கி மாட்டிவிட்டது. இன்ஸ்டாகிராமில் 2021 முதல் எண்ணிக்கையை மறைத்து வைக்கலாம். ஒரு வாரம் மறைத்துப் பாருங்கள்.

மின்சார ரயில் படியில் தொங்கி ரீல்ஸ் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எச்சரித்தும் கேட்காமல் தொங்கினால், ரயில்வே சட்டப்படி 3 மாதம் வரை சிறை கிடைக்கலாம். ஆனால் அதைத் திட்டிக்கொண்டே பகிர்கிறோமே, அது நம் தவறு. திட்டினாலும் பார்வைக் கணக்கில் சேரும்.

எங்கள் அடுக்குமாடிக் குழுவில் ஒரு மாமி இருக்கிறார். வருஷக் கணக்காக அவர் போடுவது ஒரே மாதிரிச் செய்திதான்: "லாரி வந்தாச்சு. ஆறரைக்கு மோட்டார் போடறேன்." இதுவரை யாரும் அதற்கு ஒரு ஹார்ட் எமோஜிகூட விட்டதில்லை. ஒரு நாள் அவர் போடவில்லை என்றால் மூன்று மாடியிலிருந்தும் போன் போகும்.