சிசேரியன் முடிந்து தாய்வீடு வந்தாச்சு: முதல் ஆறு வாரம் படிப்படியாக

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தலைப்பிள்ளைப் பேறு என்றால் தாய்வீடுதான். ஆத்தா (அம்மா), ஆயா (பாட்டி), சின்னாத்தா என்று கைக்கு ஆள் இருக்கும். மருந்து இடிப்பார்கள், வெந்நீர் காய்ச்சுவார்கள், பிள்ளையைக் குளிப்பாட்டுவார்கள். இந்த உதவி எல்லாருக்கும் வாய்க்காது. கிடைத்தால் கூச்சப்படாமல் முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பக்குவமெல்லாம் சுகப்பிரசவத்துக்காக வகுத்தது. சிசேரியன் பெரிய அறுவை சிகிச்சை. தோல், கொழுப்பு, தசையின் உறை, அதற்குள் சவ்வு, கர்ப்பப்பை என்று அடுக்கடுக்காகத் திறந்து மூடியிருக்கிறார்கள். வெளியே தெரிவது 10 முதல் 15 செ.மீ. கோடுதான். அதனால் தண்ணீர், குளியல், வயிற்றுக்கட்டு ஆகிய மூன்றில் மட்டும் டாக்டர் சொல்வதையே கேளுங்கள்.

படி 1: வருவதற்கு முன்பே அறையைத் தயார் செய்யுங்கள்

நம் பழைய வீடுகளில் முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிக் கடைசியில்தான் கக்கூஸ் இருக்கும். வழியில் எத்தனை நிலைப்படி! முதல் பத்து நாள் ஒவ்வொரு நிலைப்படிக்கும் காலைத் தூக்கும்போது தையல் சுண்டும். எந்த அறையிலிருந்து கக்கூஸ் பக்கமோ அந்த அறையைக் கேளுங்கள், அது சாமான் அறையாக இருந்தாலும் சரி. ஆத்தங்குடி டைல்ஸ் தரை ஈரமானால் வழுக்கும். குளியலறை வாசலில் காய்ந்த மிதியடி கிடக்கட்டும். தரையில் பாய் வேண்டாம். உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிகிற உயரத்தில் கட்டில் வேண்டும். தண்ணீர்ச் செம்பு, மாத்திரை, பேடு, பிள்ளைத் துணி எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

படி 2: எழுந்திருக்கப் பழகுங்கள்

முதல்முறை தாயாகிறவர்களுக்கு யாரும் பொறுமையாகச் சொல்லித்தராதது இதுதான். மல்லாந்து படுத்த நிலையிலிருந்து நேராக எழப் பார்த்தால் வயிற்றுத் தசை முழுசாக இழுபடும். இப்படிச் செய்யுங்கள். முதலில் இரண்டு முழங்காலையும் மடக்குங்கள். தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒன்றாகத் திரும்ப ஒருக்களித்துப் படுங்கள். கால் இரண்டையும் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிடுங்கள். கீழ்ப்பக்க முழங்கையையும் மேல்பக்க உள்ளங்கையையும் மெத்தையில் ஊன்றி, மூச்சை வெளியே விட்டபடி கையால் தள்ளி எழுந்து உட்காருங்கள். வயிறு வேலை செய்யக்கூடாது, கைதான் செய்ய வேண்டும். உடனே நிற்காதீர்கள். ஒரு நிமிஷம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகு எழுங்கள். படுக்கும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள்.

இருமல், தும்மல், சிரிப்பு வருகிற மாதிரி இருந்தால் சின்னத் தலையணை ஒன்றைத் தையல்மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடியுங்கள். எனக்கு அந்தத் தலையணை மூன்று வாரம் கூடவே இருந்தது.

படி 3: நடங்கள், ஆனால் தூக்காதீர்கள்

ஆபரேஷன் ஆன 24 மணி நேரத்துக்குள்ளேயே நர்ஸ் நடக்கச் சொல்வார். வலியைப் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மையோடு இருக்கும். அசையாமல் கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி உண்டாகலாம். நடந்தால் குடலும் அசையும், காற்றும் பிரியும். தோள்பட்டை வலித்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் வயிற்றில் தங்கிய காற்றுதான். அதோடு மூச்சு முட்டினால் மட்டும் உடனே சொல்லுங்கள். கூனிக்கொண்டே நடக்காமல் மெதுவாக நிமிருங்கள், வளவைச் சுற்றி வந்தாலே போதும்.

ஆறு வாரத்துக்குப் பிள்ளையின் எடைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க்குடம், கிரைண்டர் கல், மூத்த பிள்ளை எல்லாம் இதில் அடக்கம். மூத்தது ஏங்கினால் உட்கார்ந்த பிறகு மடிக்கு வரச் சொல்லுங்கள்.

படி 4: தையலைக் காப்பாற்றுங்கள்

நான் தவறியது இங்கேதான். வீட்டுக்கு வந்த நாலாம் நாளே, உடம்பு வலி போகட்டும் என்று ஆயா அண்டா நிறைய வெந்நீர் வைத்து, வயிற்றில் படும்படி சொம்பு சொம்பாக வீசி ஊற்றினார். அவ்வளவும் அன்பு, ஒரு குறையும் சொல்லமாட்டேன். குளித்து வந்து சரியாகத் துடைக்காமல் பாவாடையை இறுக்கிக் கட்டினேன். நாடா சரியாகத் தையல் கோட்டின்மேல் உட்கார்ந்தது. ஈரம், வேர்வை, உரசல். மூன்றாம் நாள் கோட்டின் ஓரத்தில் சுண்டைக்காய் அளவு சிவந்து, தொட்டால் சுட்டது. மறுநாள் நாடாவில் மஞ்சளாகக் கறை. திரும்ப ஆஸ்பத்திரி, திரும்ப ஊசி, பத்து நாள் டிரெஸ்ஸிங்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். கட்டுப் பிரிப்பதும் தையல் பிரிப்பதும் ஆஸ்பத்திரி சொன்ன நாளில்தான். சில தையல் தானே கரையும், சிலதைப் பிரிக்க வேண்டும். வீடு வரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குளிக்கலாம் என்று சொன்ன பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் மேலிருந்து தானாக வழியட்டும், வீசி ஊற்ற வேண்டாம். தையலைத் தேய்க்காதீர்கள். சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். வயிறு தொங்கி மடிப்பு விழுகிறவர்களுக்குக் கோடு மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும்; மல்லாந்து படுத்து மடிப்பைத் தூக்கிப் பிடித்துக் காற்றாட விடுங்கள். மஞ்சள், எண்ணெய், சாம்பல், வேப்பிலை அரைப்பு எதுவும் வேண்டாம். முதல் ஒரு மாதம் நைட்டிதான் நல்லது. உள்ளாடை தொப்புளுக்கு மேல் வரும் பருத்தியாக இருக்கட்டும். ஊருணியில் முங்குவதை ஆறு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சேலையால் வயிற்றைக் கட்டுவதால் கர்ப்பப்பை சுருங்குவதில்லை. அது தானாகவே ஆறு வாரத்தில் பழைய அளவுக்கு வரும். நடக்கும்போது தாங்கலாக இருக்கிறதென்றால் டாக்டரைக் கேட்டு பெல்ட் போடலாம். அதையும் படுக்கும்போது கழற்றிவிடுங்கள்.

கோட்டைச் சுற்றி மரத்துப்போன மாதிரி இருப்பதும் அரிப்பும் இயல்புதான். மரப்பு சில மாதம்கூட நீடிக்கும்.

படி 5: தண்ணீர் குடியுங்கள்

"தண்ணி குடிச்சா உள்தையல் சீப்பிடிச்சுக்கும்டி, நாக்கை நனைச்சுக்க" என்றுதான் எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். குடித்த தண்ணீர் குடலுக்குப் போகிறது, தையலுக்கு இல்லை. குடிக்காவிட்டால் மலம் இறுகும், முக்கினால் தையல் வலிக்கும், நீர்க்கடுப்பு வரும். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் ஒரு டம்ளர் குடியுங்கள். ஆறவைத்த வெந்நீர் என்றால் பெரியவர்களும் மறுக்கமாட்டார்கள்.

பத்தியச் சாப்பாட்டில் நல்லது நிறைய இருக்கிறது. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, நாட்டுக்கோழிச் சாறு, முருங்கைக்கீரை எல்லாம் சாப்பிடுங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். கீரையும் பழமும் "குளிர்ச்சி" என்று ஒதுக்குவதுதான் தவறு. மலச்சிக்கலுக்கு அவைதான் மருந்து. லேகியம் அளவோடு போதும். உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று தெரியாத சூரணம் வேண்டவே வேண்டாம்.

இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 180 நாள் போட வேண்டும். காபி, டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். வலி மாத்திரை பாலைக் கெடுக்கும் என்று நிறுத்தாதீர்கள், பால் கொடுப்பவர் என்று தெரிந்துதான் எழுதிக் கொடுக்கிறார்கள்.

படி 6: பால் கொடுக்கும் விதம்

சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் நன்றாக ஊற ஒன்றிரண்டு நாள் கூடுதலாக ஆகலாம். அதற்குள் "பாலே இல்லை" என்று சீனித்தண்ணீர், தேன் தொட்டு வைக்க விடாதீர்கள். முதலில் வரும் சீம்பால் கொஞ்சம்தான் இருக்கும், பிள்ளைக்கு அது போதும். அடிக்கடி மார்பில் போடுவதுதான் பால் ஊற வழி. தையலில் பிள்ளையின் கால் உதைக்காமல் இருக்க, இடுப்போரம் தலையணை வைத்து, கூடையை இடுக்குவது போலப் பிள்ளையைக் கைக்கு அடியில் பிடியுங்கள். இரவில் ஒருக்களித்துப் படுத்தும் கொடுக்கலாம்.

முதுகு வலித்தால் உடனே ஆபரேஷனுக்கு மரத்துப்போகப் போட்ட முதுகு ஊசிமேல் பழி போடுகிறோம். ஊசி போட்ட இடம் சில நாள் வலிப்பது உண்மை. மாதக்கணக்கில் வலிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் குனிந்து பால் கொடுப்பதும், வலுவிழந்த வயிற்றுத் தசையும்தான். பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், மார்பைப் பிள்ளைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இதெல்லாம் வந்தால் காத்திருக்காதீர்கள்

இதை எழுதி அறைச் சுவரில் ஒட்டுங்கள். நீங்கள் தூங்கினாலும் கூட இருப்பவர் பார்ப்பார்.

- 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம்
- தையலில் சிவப்பு, சீழ், நாற்றம், பிளவு
- ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைவது, கோழிமுட்டையை விடப் பெரிய ரத்தக்கட்டி, துர்நாற்றமுள்ள போக்கு (சாதாரணப் போக்கு குறைந்துகொண்டே வந்து நாலு முதல் ஆறு வாரத்தில் நிற்கும்)
- ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலி
- மூச்சுத்திணறல், நெஞ்சுவலி
- விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி. கர்ப்பத்தில் பிரஷர் இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பின் பிரஷர் ஏறலாம். வலிப்பு வரைக்கும் போகும்
- உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறைகிற தலைவலி. இது முதுகு ஊசியால் வருவது, வைத்தியம் உண்டு

மூச்சு முட்டினாலோ, ரத்தம் கொட்டினாலோ, வலிப்பு வந்தாலோ 108 கூப்பிடுங்கள். "விடியட்டும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மனசு

முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வரும், போய்விடும். அதற்கு மேலும் நீடித்தால், பிள்ளை தூங்கியும் நீங்கள் தூங்க முடியாவிட்டால், பிள்ளைமேல் ஒட்டுதலே வராவிட்டால், அது நோய். "கத்தி வச்சுத்தானே பெத்தே, என்ன வலி பட்டே" என்ற பேச்சு சிலருக்கு அந்தக் குழியை இன்னும் ஆழமாக்கும். அப்படிப் பேசுகிறவர்களை அறைக்கு வெளியே நிறுத்துவது கணவரின் வேலை, தாயின் வேலை. செத்துவிடலாம், பிள்ளையை ஏதாவது செய்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். அதுவரை தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

ஆறாவது வாரம்

உடம்பு சரியாகத்தானே இருக்கிறது என்று செக்கப்பைத் தவிர்க்காதீர்கள். பிரஷரும் ரத்த அளவும் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும். கருத்தடை பற்றி அன்றே கேளுங்கள், பால் கொடுக்கும்போதும் கரு தங்கும். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 18 மாதம், முடிந்தால் இரண்டு வருஷம் இடைவெளி விட்டால்தான் கர்ப்பப்பைத் தழும்பு உறுதியாகும்.

டிஸ்சார்ஜ் சம்மரியை நகைப் பெட்டியோடு பத்திரப்படுத்துங்கள். வெளித்தழும்பைப் பார்த்து உள்ளே கர்ப்பப்பையை எந்த வாக்கில் வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. அடுத்த பிள்ளைக்குச் சுகப்பிரசவம் முயன்று பார்க்கலாமா என்பதை முடிவுசெய்ய டாக்டர் முதலில் தேடுவது அந்தத் தாளில் உள்ள அந்த ஒரு வரியைத்தான். எழுதியிருக்கிறதா என்று ஆஸ்பத்திரி வாசல் தாண்டும் முன்பே பாருங்கள், இல்லையென்றால் எழுதி வாங்குங்கள்.