இரவு ராட்டினப் படத்தில் வந்த கறுப்புப் பட்டைகள்: என் அனுபவம்

பொங்கல் விடுமுறையில் கேளிக்கைப் பூங்காவில் எடுத்த ராட்டினப் படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள். லென்ஸ் பழுதில்லை, சைலன்ட் ஷட்டர் (திரை அசையாமல், சத்தமின்றி மின்னணு முறையில் படமெடுக்கும் வசதி)தான் காரணம். அதில் கேமராவின் சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) படத்தை வரிவரியாகப் பதிவு செய்யும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். 1/500 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தால் மங்கிய வரிகள் பட்டையாக விழும். திரை திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, 1/50 அல்லது 1/100 வைத்ததும் பட்டை போனது. மங்கலாக்கும் சர்க்யூட் உள்ள விளக்குகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஷட்டரை இன்னும் மெதுவாக்கிப் பாருங்கள்.

சுழலும் விளக்குகள் ஒளி வட்டமாக விழ வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/11, ஷட்டர் 2 நொடி. இந்த 2 நொடி குருட்டுக் கணக்கல்ல. ராட்டினம் ஒரு சுற்றுக்கு 20 நொடி, விளக்குக் கம்பிகள் 16 என்றால், ஒரு கம்பி அடுத்ததன் இடத்தை அடைய 1.25 நொடி. அதற்குக் குறைந்தால் வட்டம் விட்டுவிட்டுத் தெரியும். 10 நொடி வைத்தால் விளக்கெல்லாம் வெளுத்துவிடும்.

முக்காலியைப் பல பூங்காக்களில் விடுவதில்லை. கைப்பிடிச் சுவரில் மடித்த துண்டு, மேலே கேமரா, 2 நொடி டைமர். இரும்புக் கம்பி வேலி வேண்டாம், யாராவது சாய்ந்தாலே அதிரும்.

சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் எடுங்கள். வானம் நீலமாக இருக்கும். அப்புறம் மெல்ல மெல்லக் கறுத்துவிடும்.